பொத்தான்கள் பார்த்த திசை

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமை பிடித்த தீ சனிக்கிழமையே அணைந்துவிட்டது. ஆனால் வீட்டுக்குள் அது இன்னும் புகைந்துகொண்டுதான் இருந்தது.

லாண்டரிக் கடையின் பின்பகுதி கருகிய நாளிலிருந்து அண்ணன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணி எல்லோரிடமும் அளவுக்கு மேல் பேசினாள். அம்மா இரண்டும் செய்யவில்லை. எதையோ தேய்த்துக்கொண்டே இருந்தாள். இளையவள் மட்டும் ஊரில் இல்லை. இன்ஷூரன்ஸ் ஏஜென்டுகளுக்கான பயிற்சி வகுப்புக்கு வெளியூர் போயிருந்தவள், போனில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"சர்வேயர் வந்து பார்க்கிற வரைக்கும் எதையும் தொடாதீங்க."

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸிலிருந்து இறங்கியவள், தோளில் பையோடு நேராகக் கடைக்கு வந்தாள். ஷட்டர் பாதி ஏறியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தாள். நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கடை பளபளவென்று இருந்தது.

ரயில் பெட்டியைப் போல நீண்ட, ஒடுங்கிய அறை அது. முன்னால் கவுன்டர். அடுத்து துவைக்கும் மெஷின்கள். அவற்றுக்கு அப்பால், துணி மடிக்கும் மேஜை இருந்த இடம் இப்போது வெறும் தரை. கடைசியில், பின்சுவரை ஒட்டி, முன்பக்கம் பெயின்ட் உரிந்து உருக்குலைந்த டிரையர். ஆனால் அந்த டிரையரைக்கூட யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். மூக்கு உடைந்தவன் தலை சீவிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தது மாதிரி அது நின்றது.

சுவரில் ஒரு பொட்டுக் கரி இல்லை. வலப்பக்கச் சுவரை ஒட்டி வாசலிலிருந்து பின்னால்வரை ஓடும் கம்பியில், வாடிக்கையாளர்களின் சட்டைகளும் கோட்டுகளும் வெள்ளை வெளேரென்று தொங்கின. எல்லாம் வாசலைப் பார்த்து, ரயிலுக்குக் காத்திருக்கும் பயணிகள் போல.

அம்மா ஸ்டூலின்மேல் நின்று, மின்விசிறியின் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? எப்படி இருக்கு பாரு."

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கே?"

"ஏன், எங்கேயாவது விட்டுப்போச்சா?"

"தொடாதீங்கன்னு சொன்னேனே!"

"சொன்னே. உங்க அண்ணனும் சொன்னான். அதுக்காக? வெளி ஆளு வர்றார்ங்கிற. கரி அப்பின கடையில அவரை நிக்க வெச்சு, இதுதான் எங்க லட்சணம்னு காட்டச் சொல்றியா?"

"ஆமாம்மா. அதைத்தான் காட்டணும்."

"நல்லா இருக்குடி உன் நியாயம்," என்று அம்மா அடுத்த இறக்கைக்குப் போனாள். "கறை எடுத்தே பேர் வாங்கின கடை இது."

அதில் பொய்யில்லை. காபிக் கறை, மைக் கறை, ரத்தக் கறை எதுவானாலும், மற்ற கடைகள் கைவிட்ட துணி கடைசியில் அம்மாவிடம்தான் வரும். ஞாயிறும் திங்களும் அவள் வீட்டு மாடியில் உட்கார்ந்து, புகை பிடித்த அத்தனை துணியையும் கையாலேயே துவைத்து எடுத்திருந்தாள்.

இளையவள் பையை இறக்கி வைத்தாள். கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"எரிஞ்ச மேஜை எங்கே?"

"பழைய சாமான்காரருக்குப் போட்டாச்சு," என்றாள் கவுன்டரில் இருந்த அண்ணி. "கரிக்கட்டைக்கு விலை கிடையாதுன்னுட்டார். சும்மா தூக்கிட்டுப் போனாரே, அதுவே பெரிசு."

"மேஜைமேல இருந்த டவலெல்லாம்?"

"அது எங்க இருந்துச்சு? சாம்பல்தான். அத்தை கூட்டி அள்ளிட்டாங்க."

"போட்டோவாவது எடுத்தீங்களா?"

அண்ணி பெருமையோடு போனை நீட்டினாள். நிறையப் படங்கள் இருந்தன. எல்லாமே துடைத்த பிறகு எடுத்தவை.

"முன்னாடி எடுத்தது இல்லையா அண்ணி?"

"முன்னாடி எடுக்க அசிங்கமா இருந்துச்சு, பாலிசி."

பாலிசி என்பது இளையவளுக்குத் தெரு வைத்த பெயர். அண்ணன்தான் அப்படி முதலில் கூப்பிட ஆரம்பித்தான். அவன்தான் அவளுடைய முதல் வாடிக்கையாளரும். தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும், அந்தப் பாலிசியை அவன் தலையில் கட்ட அவள் பட்ட பாடு. சாப்பாட்டு மேஜையில் ஒரு வாரம் சண்டை நடந்தது. பாதி மதிப்புக்குப் போட்டால் போதாதா என்றான் அவன். பாதி மதிப்புக்குப் போட்டால் நஷ்டத்திலும் பாதிதான் கைக்கு வரும் என்றாள் அவள். கடைக்குப் போடுகிறோம், வாடிக்கையாளர் துணிக்கு எதற்குத் தனியாக என்றான். அது உன் சரக்கு இல்லை, ஊரார் உன்னை நம்பிக் கொடுத்து வைத்திருப்பது, சொல்லிச் சேர்க்காவிட்டால் அது கணக்கிலேயே வராது என்றாள். கடைசியில், "நீ வாயை மூடுறதுக்குத்தான் இந்தப் பிரீமியம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

இப்போது அந்தக் கையெழுத்தில்தான் கடை தொங்கிக்கொண்டிருந்தது. புது டிரையர் இல்லாமல் கடை இல்லை. இன்ஷூரன்ஸ் இல்லாமல் புது டிரையர் இல்லை. பக்கத்து மருந்துக்கடைக்காரர் இந்த இடத்தை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்; இன்று சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும் என்று சொல்லியிருந்தார். கொடுத்துவிட்டால், அண்ணனும் அண்ணியும் தூரத்து ஊரில் ஒரு ஆயத்த ஆடை ஆலைக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். அண்ணியின் மாமா அங்கே மேற்பார்வையாளர். அம்மா இங்கே இருப்பாள், துவைக்க எதுவும் இல்லாமல்.

"என் அண்ணன்கூட ஒரு பாலிசி வெச்சிருக்கார்," என்றாள் அண்ணி, அமைதியை நிரப்புவதற்காக. "ஆஸ்பத்திரிச் செலவுக்கு. இதுவும் அது மாதிரிதானே? காட்டினா குடுத்துடுவாங்கல்ல?"

"அது ஆள் படுத்தா, அண்ணி. இது கடை பத்தினா. ஒண்ணுக்கு ஒண்ணு சம்பந்தமில்ல."

"ஆள் போயிட்டா?"

"அதுக்கு வேற பாலிசி."

"சே, ஒரே பாலிசியில எல்லாத்தையும் போட்டுத் தொலைக்கக் கூடாதா? சாகறதுக்குக்கூடத் தனிக் கடைக்குப் போகணுமா?"

இளையவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் டிரையரின் அருகே போய் நின்றாள். பின்னால் இருந்த சுவரைத் தொட்டுப் பார்த்தாள். சோடா போட்டுத் தேய்த்த சுவர், குளிர்ந்து, ஈரமாக இருந்தது. தீ எங்கே தொடங்கி எப்படி ஏறியது என்பதைக் கரி சுவரில் வரைந்துவிட்டுப் போயிருக்கும். அந்தப் படத்தை அம்மா அழித்துவிட்டாள், கையெழுத்துப் போடும் இடம்கூட மிச்சமில்லாமல்.

*

அண்ணன் மதியம் வந்தான். சோப்பு மூட்டைகள் வைக்கும் சின்ன அறைக்குள் அவளைக் கூப்பிட்டான். உள்ளே இருவர் நின்றால் மூச்சு இடிக்கும்.

"சீக்கிரம் சொல்லு. இப்ப என்ன நிலைமை?"

"சுவர், கூரை, மேஜை, இதுக்கெல்லாம் சிக்கல் இல்ல. அளந்து, நம்ம பங்குன்னு கொஞ்சத்தைக் கழிச்சுக்கிட்டுத் தருவாங்க. டிரையர்தான் இழுபறி."

"அதுதானே முக்கியம்?"

"ஆமா. மெஷினுக்குள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிச்சிருந்தா, அந்த மெஷினுக்கு மட்டும் தர மாட்டாங்க. பக்கத்துல எரிஞ்சதுக்குத் தருவாங்க. வெளியேருந்து தீ வந்து மெஷின் எரிஞ்சிருந்தா, மெஷினுக்கும் உண்டு. தேய்மானம் கழிக்காம புது மெஷின் விலைக்கே போட்டிருக்கோம்."

அண்ணன் முகத்தில், மூன்று நாளைக்குப் பிறகு, ஏதோ ஒன்று எரிந்தது.

"அப்போ வெளியேருந்து வந்துச்சுன்னு சொன்னா?"

"சொன்னா இல்ல. வந்திருந்தா."

"அடேயப்பா. சுவர்ல ஒரு கோடு கிடையாது, மேஜை கிடையாது, சாம்பல் கிடையாது. பார்த்தவ உங்க அண்ணி ஒருத்திதான். அவ என்ன சொல்றாளோ அதுதான். நீ அவகிட்ட ரெண்டு வார்த்தை சொல்லிக் குடு. போதும்."

"மாட்டேன்."

"ஏன்?"

"பொய்னு தெரிஞ்சா டிரையருக்கு மட்டுமில்ல, மொத்தத்துக்கும் கையை விரிச்சிடுவாங்க. நடந்ததை நடந்தபடி சொல்லட்டும்."

"தெரிஞ்சாத்தானே? நீ எங்க வீட்டுப் பொண்ணா, கம்பெனிப் பொண்ணா?"

பயிற்சி வகுப்பில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தரவில்லை. அவள் சோப்பு மூட்டையின் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"பாலிசி விக்கறப்ப வாய் மூடாம பேசினே. இப்ப பேசு பார்ப்போம்," என்றான் அண்ணன். "சாயங்காலம் நான் அந்த ஆளுக்குப் பதில் சொல்லணும். ஞாபகம் வெச்சுக்கோ."

வெளியே போகும்போது மூட்டையில் இடித்துக்கொண்டான். மன்னிப்புக் கேட்பது மாதிரி அதை நேராக நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் போனான். அவன் சுபாவம் அது.

இளையவள் வெளியே வந்தபோது அம்மா கவுன்டரில், வெயிலில் காய்ந்து வந்த தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணி உதவிக்குக் கை நீட்ட, அம்மா தட்டிவிட்டாள்.

"ஆற விட்டுட்டு மடிக்கிறியே, சுருக்கம் அப்படியே நிலைச்சிடும். எத்தனை வாட்டி சொல்றது? சூடு இருக்கறப்பவே மடிச்சு அடுக்கிடணும். இந்தக் கடையில இஸ்திரிக்கே பாதி வேலை இல்லேன்னா அது என் கையாலதான்."

"தெரியும் அத்தை. ஊருக்கே தெரியும்."

*

சர்வேயர் வந்தார். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மகளின் காதில் கிசுகிசுத்தாள்.

"சர்வேயர்னா இடம் அளக்கிறவர்தானே? நாடாவையே காணோமே."

"இவர் நஷ்டத்தை அளக்கிறவர்மா."

ஒல்லியான மனிதர். சலவைச் சோப்பு வாசனை அவருக்கு ஆகாது போலிருக்கிறது. உள்ளே கால் வைத்ததுமே தும்மினார். கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி கடையைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். கதவு மாறி வந்துவிட்டோமா என்று யோசித்திருக்க வேண்டும்.

"தீப்பிடிச்ச கடை...?"

"இதுதான் சார்," என்றான் அண்ணன்.

"ஓ."

"உக்காருங்க," என்றாள் அம்மா. "நாற்காலி சுத்தமா இருக்கு. தைரியமா உக்காரலாம்."

அவர் உட்காரவில்லை. டிரையரின் பின்மூடியைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தார். ஒயர்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவற்றையும் அம்மா ஈரத்துணியால் துடைத்திருந்தாள்.

"உள்ளேருந்து வெளியே போச்சா, வெளியேருந்து உள்ளே வந்துச்சா? ரெண்டுக்கும் ஒயர் உருகத்தான் செய்யும். சுத்தி இருக்கறதை வெச்சுத்தான் சொல்ல முடியும்," என்று சொல்லி ஒரு தும்மல் போட்டார். "சுத்தி எதுவுமே இல்லையே."

பிறகு கம்பியில் தொங்கிய துணிகளைப் பார்த்தார்.

"வாடிக்கையாளர் துணிக்கும் கவர் போட்டிருக்கீங்க. நல்லது. இதுல எது பாழானது?"

"பாழா?" அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எதுல கறை இருக்குன்னு காட்டுங்க பார்ப்போம். இப்பவே சவால்."

"அம்மா..."

"நீ சும்மா இருடி. வந்தவர் சொல்லட்டும்."

"கறையே இல்லைம்மா," என்றார் சர்வேயர். "அதனால துணிக்கு நஷ்டமும் இல்லை. ஆனா நஷ்டம் பெருகாமத் தடுக்க ஆன செலவைக் கேக்கலாம். இவ்வளவையும் யார் துவைச்சது? கூலி என்ன குடுத்தீங்க?"

"என் கைக்கு நான் கூலி குடுத்துக்கறதா?"

"சோப்பு, தண்ணி, வேலை..."

"என் பையனோட கடைக்கு நான் வேலை செஞ்சதுக்குக் கம்பெனி பணம் தருமாம்," என்று அம்மா மருமகளிடம் திரும்பிச் சொன்னாள். "எங்கேயாவது கேட்டிருக்கியா?"

இளையவள் குறுக்கிட்டு, சோப்புச் செலவையாவது எழுதிக்கொள்ளச் சொன்னாள். சர்வேயர் எழுதினார். பிறகு அண்ணியைப் பார்த்தார்.

"தீயை முதல்ல பார்த்தது நீங்கதானே? எங்கேருந்து கிளம்பிச்சு?"

அண்ணன் தரையைப் பார்த்தான். அண்ணி ஒருமுறை அவனைப் பார்த்தாள். ஒருமுறை இளையவளைப் பார்த்தாள். இரண்டு முகங்களும் உதவவில்லை. வாழ்க்கையில் அவளிடம் யாரும் இவ்வளவு கவனமாகக் காது கொடுத்ததில்லை. அந்த நேரம் பார்த்து அவளுக்கு வார்த்தை வரவில்லை.

"எனக்குத் தெரியாது சார்," என்றாள் கடைசியில். "நான் கவுன்டர்ல இருந்தேன். இவர் டெலிவரிக்குப் போயிருந்தார். அத்தை மத்தியானம் வந்து மடிச்சு வெச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. டிரையர் ஓடி நின்னுபோய் ரொம்ப நேரம் ஆகியிருந்துச்சு. திரும்பிப் பார்த்தா பின்னாடி பூராப் புகை. மெயினை அணைச்சேன், தீயணைக்கிற சிலிண்டரை எடுத்து அடிச்சேன். எது முதல்லன்னு பார்க்கல."

அண்ணன் கண்களை மூடிக்கொண்டான்.

"பரவாயில்ல. காரணம் தெரியவில்லைன்னுதான் எழுதணும்," என்றார் சர்வேயர். அவர் குரலில் வருத்தமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. "மெஷின் நடுவுல உருகிக் கிடக்கு. வேற சாட்சி இல்ல. கம்பெனி மெஷின்மேலதான் சந்தேகப்படும். சொல்லிட்டேன்."

"அதாவது டிரையருக்குக் கிடைக்காது?" என்றான் அண்ணன்.

"கஷ்டம்."

இளையவள் சுற்றிலும் பார்த்தாள். தரை, சுவர், கூரை, எல்லாமே அவளைப் பார்த்துக் கண்ணாடி மாதிரி மினுங்கின.

"அம்மா. நல்லா யோசிச்சுச் சொல்லு. நீ துவைக்காம விட்டது ஏதாவது இருக்கா? ஒரு துண்டு, ஒரு கந்தல்?"

"நான் எதை விட்டேன்?"

"கறை போகாதது?"

அம்மாவின் பார்வை தரைக்குப் போனது. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கவுன்டருக்குக் கீழே குனிந்தாள். பழைய ஹேங்கர்கள் போட்டு வைத்த பெட்டியை இழுத்தாள். அதன் அடியிலிருந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து, யார் முகத்தையும் பார்க்காமல் மகளிடம் கொடுத்தாள்.

"கரின்னா போயிருக்கும்," என்றாள். "இது கருகல். நூலே வெந்துடுச்சு. மூணு தடவை போட்டுப் பார்த்தேன்." குரல் சின்னதாகியிருந்தது. "அந்த ஆளுக்குக் காட்டித்தான் ஆகணும்னா காட்டு. நான் இங்க நிக்கல."

பின்கதவு வழியாகக் குழாயடிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வாளி நிறைந்த பிறகும் அது நிற்கவில்லை.

பொட்டலத்தில் ஒரு வெள்ளைக் கோட்டு இருந்தது. டாக்டர் கோட்டு.

"மாட்டு டாக்டரோடது," என்றாள் அண்ணி. "கொண்டுவந்து குடுப்பார், மறந்திடுவார். மாடு பின்னாலேயே போயிடுவாரு போல. எப்பவும் கம்பியோட வால்ல தனியாத்தான் தொங்கும், மத்ததெல்லாம் முன்னாடி கவுன்டர் பக்கம் இருக்கும்."

"வால்னா?" சர்வேயர் நிமிர்ந்தார். "எந்த இடம்?"

அண்ணி போய்க் காட்டினாள். கம்பியின் கடைசி முனை. அதற்குப் பின்னால் டிரையர். முன்னால், மேஜை இருந்த இடம்.

சர்வேயர் கோட்டை ஹேங்கரில் மாட்டித் தூக்கிப் பிடித்தார். முன்பக்கம், மார்பிலிருந்து கீழ்வரை, காபி நிறத்தில் கருகிப் போயிருந்தது. ஒரு பை வெந்து சுருண்டிருந்தது. பின்பக்கத்தைத் திருப்பினார். முதுகு வெள்ளை வெளேரென்று, அம்மாவின் கைவண்ணத்தோடு பளிச்சிட்டது.

"முன்பக்கம் எந்தத் திசையைப் பார்த்துத் தொங்கிச்சு?"

"வாசலைத்தான்," என்றார்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில்.

"எப்படி அவ்வளவு உறுதியா?"

அண்ணன் விழித்தான். இதைப் போய் யாராவது கேட்பார்களா என்ற விழிப்பு. "பொத்தான் வாசலைப் பார்க்கணும் சார். துணிக்கும் முகம் இருக்கு, வர்றவங்களுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லுவாங்க. சின்ன வயசுல மாத்தி மாட்டினா குட்டு விழும்."

சர்வேயர் கம்பி நெடுகிலும் நடந்தார். ஒவ்வொரு துணியிலும் பொத்தானைத் தொட்டுக்கொண்டே போனார். ஒன்றுகூடத் திரும்பியிருக்கவில்லை. வழியில் தும்மினார். பிறகு சட்டென்று ஒரு சட்டையைக் கழற்றி, பேச்சோடு பேச்சாக அண்ணியிடம் நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் மாட்டுங்க."

அண்ணி யோசிக்கவே இல்லை. வாங்கினாள், கை தானாகத் திரும்பியது, மாட்டினாள். பொத்தான்கள் வாசலைப் பார்த்தன.

சர்வேயர் முதல்முறையாகப் புன்னகை மாதிரி ஒன்றைச் செய்தார்.

"முதுகு டிரையர் பக்கம் இருந்திருக்கு. தீ அங்கேருந்து வந்திருந்தா முதுகுதான் முதல்ல வெந்திருக்கும். இது முகத்துல வாங்கியிருக்கு. தீ மேஜையிலேருந்துதான் கிளம்பியிருக்கு. மேஜைமேல என்ன இருந்துச்சு?"

"டவல்," என்றான் அண்ணன். "மசாஜ் சென்டர் டவல். புதுசா பிடிச்ச வேலை."

"எண்ணெய்ப் பிசுக்கு?"

"துவைச்சாலும் கொஞ்சம் நிக்கத்தான் செய்யும்."

"அதான்." அவர் தலையாட்டினார். "எண்ணெய் ஊறின துணியை டிரையர்லேருந்து சூடா எடுத்து, சூடு ஆறாமலே மடிச்சு, ஒண்ணுமேல ஒண்ணா இறுக்கமா அடுக்கினா, உள்ளே இருக்கற சூடு வெளியே போக வழியில்ல. ஏறிக்கிட்டே போகும். தீக்குச்சியே வேண்டாம். தானாப் பத்திக்கும்."

அண்ணியின் வாய் திறந்து, மெல்ல மூடிக்கொண்டது. அண்ணன் தங்கையைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். பின்கதவுக்கு அப்பால் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

"யார் மடிச்சாங்கன்னு எழுதணுமா சார்?" அண்ணனின் குரல் தாழ்ந்திருந்தது.

"எதுக்கு? தெரியாமச் செய்யற தப்புக்கும் சேர்த்துத்தான் இன்ஷூரன்ஸ். வேணும்னே பத்தவெச்சாதான் கிடையாது." நோட்டை மூடினார். "ஒண்ணே ஒண்ணு. தானாச் சூடேறிப் பத்தின பொருளுக்கு, அந்தப் பொருளுக்கு மட்டும் தர மாட்டாங்க. டவல் உங்க பொறுப்பு. அது பத்தவெச்சதுக்கு உண்டு. டிரையரும் அதுல சேரும்."

"அப்போ ஆரம்பிச்சதுக்குத்தான் எப்பவும் தண்டனை," என்றான் அண்ணன்.

"அப்படியும் சொல்லலாம். நான் பார்த்ததை எழுதுவேன். முடிவு கம்பெனி கையில. ஆனா நான் எழுதினா சும்மா தள்ளிட மாட்டாங்க."

கோட்டைப் பொட்டலமாகவே வாங்கிக்கொண்டு, கைக்குட்டையும் மூக்குமாகத் தெருவில் இறங்கினார்.

*

வெயில் இறங்கும் நேரம். மருந்துக்கடைக்காரர் வாசலுக்கு வந்து தொண்டையைச் செருமினார். அண்ணன் அவரோடு தெருவில் நின்று பேசினான். கண்ணாடிக் கதவு வழியாக இளையவளுக்கு வாயசைவு மட்டும் தெரிந்தது. மருந்துக்கடைக்காரர் தோளைக் குலுக்கிக்கொண்டு தன் கடைக்குள் போனார்.

"என்ன சொன்னே?" என்றாள், அண்ணன் உள்ளே வந்ததும்.

"கடை இருக்குன்னு சொன்னேன்."

"பணம் இன்னும் வரல அண்ணா."

"தெரியும். அதையும் சொல்லிட்டுத்தான் சொன்னேன்." அவன் கொஞ்சம் தயங்கினான். "உங்க அண்ணிகிட்ட நீ பொய் சொல்லிக் குடுத்திருந்தா, இன்னேரம் அந்தக் கோட்டு பெட்டிக்குள்ளேயேதான் கிடந்திருக்கும்."

அவர்களுக்குள் அதற்கு மேல் மன்னிப்பு என்று எதுவும் தேவைப்படவில்லை. கொடியிலிருந்து வந்த ஒரு பெரிய படுக்கை விரிப்பை அவன் எடுத்து, இரண்டு முனைகளை அவளிடம் நீட்டினான். விரிப்பை ஒற்றை ஆளால் மடிக்க முடியாது. இருவரும் பின்னால் நகர்ந்து, இழுத்து, உதறினார்கள். விரிப்பு நடுவில் ஒருமுறை பாய்மரம் போல உப்பி அடங்கியது. சின்ன வயதில் அதற்குள் ஓடி நுழைவதற்காகவே அவள் பள்ளி விட்டு நேராகக் கடைக்கு வருவாள்.

"அம்மாகிட்ட?" என்றான் அவன், முனைகளைச் சேர்க்க அருகே வந்தபோது.

"தெரியல."

"சொல்லாதே. ஊர்ல எல்லார் கறையையும் எடுத்தவ. தாங்க மாட்டா."

"அதே மாதிரி நாளைக்கும் மடிப்பாளே அண்ணா."

அவன் பதில் சொல்வதற்குள் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அம்மா கைகளைத் துடைத்தபடி உள்ளே வந்தாள். முதலில் கம்பியின் கடைசி முனையைப் பார்த்தாள். பிறகு இவர்களை.

"போயிட்டாரா? கோட்டைப் பார்த்துச் சிரிச்சாரா?"

"சிரிக்கலம்மா. உன் கோட்டாலதான் டிரையர் வரப்போகுது."

அம்மாவின் முகம் மெல்ல விரிந்தது. "மெஷின்லேருந்து வரலேன்னு ஆயிடுச்சா?"

"ஆமா."

"அப்பவே நினைச்சேன். நல்ல மெஷின் அது." அருகே வந்தாள். "பின்னே தீ எங்கேருந்துதான் வந்துச்சாம்?"

விரிப்பின் மறுமுனை சற்றே தளர்ந்ததை இளையவளின் விரல்கள் உணர்ந்தன.

"அவர் என்னவோ பெரிய பெரிய வார்த்தையாச் சொன்னார்மா," என்றான் அண்ணன். "எனக்கே சரியாப் புரியல."

"உன்னைக் கேக்கலடா. அவளைக் கேக்கறேன். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கன்னு அந்தச் சின்ன ரூமுக்குள்ள நின்னு உன்னை விரட்டினாளே, வெளியே வரைக்கும் கேட்டுச்சு. அவ சொல்லட்டும்."

அண்ணி கவுன்டரில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டாள்.

அம்மா விரிப்பின் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வெயிலின் சூடு அதில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"ஆறிட்டிருக்கு பாருங்க. பேசிட்டே நிக்கறீங்க. சூடு போறதுக்குள்ள மடிங்க."

இளையவள் மடிக்கவில்லை. தன் கையிலிருந்த முனைகளையும் அண்ணனிடமே கொடுத்தாள். ஸ்டூலை இழுத்து அம்மாவின் பக்கத்தில் போட்டாள்.

"அம்மா," என்றாள். "இப்படிக் கொஞ்சம் உக்காரு."